ஒட்டியாணம் யாருக்கும் வரவில்லை

ஆலடிச்சேரி கீழத்தெருப் பெண்கள் அந்தத் தடித்த நாவலைக் கேட்டு முடித்த மறுநாள் காலையில், எல்லாவற்றுக்கும் முதலில் வந்தது ஒரு ரயில் கூவல். அது ஞானப்பூ வீட்டுக்கு வந்தது. வாசல் தெளிக்க எழுந்தவள், முந்தின நாள் கவிழ்த்து வைத்திருந்த பீடித்தட்டுக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு கூவல் கிளம்பி, அடுக்களையைச் சுற்றி, புறவாசல் வழியாக வெளியே போனதைக் கேட்டாள். தட்டை நிமிர்த்திப் பார்த்தால் வெட்டி மிஞ்சிய இலைத் துணுக்கும் கத்தரியும்தான் கிடந்தன. ஆலடிச்சேரிக்கு ரயில் பாதையே கிடையாது. ஆனால் ஞானப்பூவின் புருஷன் பம்பாயில் இட்லிக்கடையில் வேலை பார்க்கிறான்; கதை கேட்கும்போது அவள் மனசு எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

ஞானப்பூ பயப்படவில்லை. பக்கத்து வீட்டு ஆமினா பீவியைத் தேடிப் போய், "எங்க தட்டுக்குள்ள ரயிலு கூவுதுக்கா, கொஞ்சம் வந்து கேளுங்க" என்றாள். ஆமினா பீவி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். "உனக்கு ரயிலா? எனக்கு ஒரு கதவு வந்திருக்கு பிள்ள. நிமித்திப் பிடிக்க ஆளில்லாம நானே உன்னைக் கூப்பிடத்தான் வந்தேன்" என்றாள். கதவு என்றால் சின்னக் கதவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கனமான தேக்குக் கதவு. மூன்று மருமகள்களும் ஏழெட்டுப் பேரப்பிள்ளைகளும் உருண்டு புரளும் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறவளுக்கு, அத்தனை பெரிய நாவலில், மாளிகையும் யானையும் ஆற்று வெள்ளமும் வந்துபோன நாவலில், கதாநாயகி கோபித்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறாளே, அந்த ஒரு வரிதான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

பால்காரர் வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கதை கேட்ட ஒவ்வொருத்திக்கும் கதைக்குள்ளிருந்து ஒரு பொருள் வந்திருக்கிறது. யாருடைய மனசு கதையில் எந்த இடத்தில் கொஞ்சம் நின்றதோ அந்த இடத்துப் பொருள். எப்படி வந்தது என்று கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. யாருக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி. தெரு என்றால் அப்படித்தானே.

கீழத்தெருவில் பீடி சுற்றாத வீடு இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு மகளிர் குழுக் கட்டடத்துக்கு வந்துவிடுவார்கள்; அங்கே ஃபேன் உண்டு, பேச்சும் உண்டு. எல்லோர் கையும் இலையைச் சுருட்டித் தூளை அடைத்து நூலைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு வாயால் வேலை செய்வாள். அவள் வாசிப்புக்காரி. அவள் வாசிக்கிற நேரத்துக்குச் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவள் தட்டில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பெயர் வாய்க்கூலி. கீழத்தெருவின் வாசிப்புக்காரி சண்முகவடிவு. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் பேப்பர் வாசித்துக் காட்டப் போக, அவள் குரல் தெருவுக்குப் பிடித்துப்போய், பேப்பரிலிருந்து வாரப் பத்திரிகை, வாரப் பத்திரிகையிலிருந்து நூலகத்து நாவல் என்று நீண்டு, இப்போது அவள் தொண்டை கட்டினால் தெருவுக்கே வேலை ஓடாது என்ற நிலைமை.

அந்தக் கூட்டத்தில் ஜன்னலோரமாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பீடி சுற்றுகிறவள் பேச்சிக்கனி. வடிவுக்குக் கூடப் பிறந்த தங்கை. ஒரே தெருவில், எதிர் எதிர் வீட்டில், அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். பேச்சிக்கனி அக்காவோடு பேசிப் பல வருஷமாயிற்று.

அவர்களுடைய அம்மா சின்ன மகள் வீட்டில்தான் இருந்தாள். நெஞ்சு வலிக்கிறது, உயிர் போகிறது என்று வாரம் ஒரு தடவையாவது ஆள் அனுப்புவாள். வடிவு பதறிக்கொண்டு ஓடினால் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒருநாள் வாசிப்பு உச்சத்தில் இருந்தபோது ஆள் வந்தது. வடிவு புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்தா, இந்த அத்தியாயத்தை முடிச்சிட்டு வாறேன்னு சொல்லு" என்றாள். முடித்துவிட்டுப் போனாள். அம்மாவின் கண்ணை அதற்குள் மூடியிருந்தார்கள். பேச்சிக்கனி தனி ஆளாக அம்மா வாயில் பால் ஊற்றி முடித்து, காலி டம்ளரைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். அக்காவை ஏறிட்டுப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கதை முடிஞ்சிட்டாக்கா?"

அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதிலும் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் பாருங்கள், மத்தியானமானால் பேச்சிக்கனி தட்டோடு வந்துவிடுவாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து கதையைக் கேட்பாள், எழுந்து போகும்போது தன் பங்கு வாய்க்கூலியை அக்கா தட்டில் போட்டுவிட்டுப் போவாள். ஒருநாள்கூடக் குறைத்ததில்லை. தட்டில் எத்தனை கை பீடி கலந்து கிடந்தாலும் வடிவுக்குத் தங்கை சுற்றியது தனியே தெரியும், நூலை அப்படி இறுக்கிச் சுற்ற வேறு யாருக்கும் வராது. அந்த இறுக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் வடிவின் காலம் ஓடியது. தன் குரல் தங்கைக்குப் போய்ச் சேர இந்த வாசிப்பை விட்டால் வேறு வழி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பொருள்கள் வந்த அன்று காலை எதிர்வீட்டு வாசலில் பேச்சிக்கனி நீளமாக எதையோ அணைத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனதை வடிவு கோலம் போட்டுக்கொண்டே பார்த்தாள். என்ன பொருள் என்று தெரியவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக வாசித்ததில், இந்த வாயிலிருந்து போன அத்தனை ஆயிரம் வரியில், எந்த வரி தங்கைக்குள் போய் நின்றிருக்கிறது? புள்ளி தப்பிப்போன கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அங்கே அவள் பீடித்தட்டின் நடுவில் ஒரு பித்தளை டம்ளர் இருந்தது. அதில் பால். ஆவி பறந்துகொண்டிருந்தது.

வடிவுக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் பால் அவள் கூட்டத்தில் வாசிக்காத பக்கத்தில் இருந்து வந்தது.

நாவலின் நடுவில் ஒரு தாய் சாகிறாள். அவளுக்கு இரண்டு மகள்கள். அந்த அத்தியாயத்தை வடிவு கூட்டத்தில் சத்தமாக ஆரம்பித்து இரண்டு வரி படிப்பதற்குள் கண் கீழே ஓடி, வரப்போவது என்ன என்று பார்த்துவிட்டது. ஜன்னலோர முதுகை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புத்தகத்தையே பார்த்தபடி, "அந்தத் தாய் நல்ல சாவு செத்தாள், பெரிய மகளும் சின்ன மகளும் அவள் தலைமாட்டில் ஒரே பாயில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தாள், முடிந்ததும் பீடிக் கட்டுக்கு லேபிள் ஒட்டுகிற மைதாப் பசையை எடுத்து, நூலகப் புத்தகம் என்றுகூடப் பார்க்காமல், அத்தனை பக்கங்களையும் ஒன்றோடொன்று ஓரத்தில் ஒட்டிவிட்டாள். வாயால் விழுங்கினது போதாதென்று பசையாலும் அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். இப்போது அதே பக்கத்திலிருந்து பால் வந்து நடுவீட்டில் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.

டம்ளரை அரிசி டிரம்முக்குள் இறக்கி மூடினாள். அது ஆறவில்லை. மறுநாள் திறந்தாலும் சூடு, அதற்கு மறுநாளும் சூடு. திரியவும் இல்லை. "வீட்ல என்னமோ பால் காய்ச்சின மணமால்ல அடிக்கி" என்றான் புருஷன் மாடசாமி. "ஒங்க மூக்குக்கு வேற வேல இல்ல" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். உனக்கு என்ன வந்தது என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "ஒண்ணும் வரல."

தெருவுக்கு அப்போது வடிவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வந்த பொருள்களோடு குடித்தனம் நடத்தவே நேரம் சரியாக இருந்தது. ஞானப்பூ வீட்டு ரயில் சாயங்காலமும் ஒரு தடவை கூவ ஆரம்பித்தது, அதைக் கேட்டு எல்லோரும் உலை வைத்தார்கள். ஆமினா பீவி கதவைத் தெருச் சுவரில் சாத்தி வைத்து, பொழுது சாய்ந்ததும் சுவருக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் போய் உட்கார்ந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வாள். தாழ்ப்பாள் மாட்ட எதிரே நிலை கிடையாது, ஆனாலும் அவள் உள்ளே இருக்கும்போது எந்தப் பேரனும் அவளைக் கூப்பிடவில்லை. பீடிக் கம்பெனியில் சரக்கைப் பார்த்துக் கழித்துத் தள்ளுகிற செக்கர் சிலுவைமுத்து, கட்டு வாங்க வந்த சாக்கில் ஜன்னலுக்கு வெளியே நின்று கதை கேட்கிறவன். அவனுக்கு வார் அறுந்த ஒற்றைச் செருப்பு வந்திருந்தது. கதையில் ஒரு கணக்குப்பிள்ளை எல்லோரிடமும் ஏச்சு வாங்கிவிட்டு அறுந்த செருப்பைக் கையில் பிடித்து வீட்டுக்கு நடக்கிற இடம் அது. அன்றிலிருந்து பெண்கள் அவனிடம் எரிந்து விழுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், அவனும் பீடியைக் கழிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

வந்த பொருளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வந்தது. மாற்றிக்கொள்ளக் கூடாது என்று இன்னொன்று. மாற்றிப் பார்த்தவர்களுக்கு விடிந்தபோது பொருள் தன் வீட்டுக்கே திரும்பியிருந்தது. பிறகு வரி பார்க்கிற சடங்கு வந்தது. குழுத் தலைவி தங்கபுஷ்பம் பால்வாடியில் டீச்சராக இருந்தவள், எதையும் முறைப்படி செய்யாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. தெருவின் மேல்கோடியில் ஆரம்பித்து வீடு வீடாக முறை வைத்து, முறைக்காரி தன் பொருளைக் கட்டடத்துக்குக் கொண்டுவர வேண்டும். தங்கபுஷ்பம் கண்ணாடியை மாட்டி, புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பொருள் இருக்கிற வரியைத் தேடிப் பிடித்து வாசிக்க வேண்டும். வாசித்ததும் முறைக்காரிக்குக் குங்குமம் கொடுத்து, பூ கொடுத்து, அவள் கையால் எல்லோருக்கும் ஒரு கடுங்காப்பி. ஒரே வரி. அதைக் கேட்டுவிட்டு அவளவள் அழுதாள், சிரித்தாள், சிலர் இலை வெட்ட உட்கார்ந்தார்கள். கூடவே உட்கார்ந்து பீடி சுற்றியவள் கதையில் இங்கேயா நின்றாள் என்று தெரு ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டது. அடுத்த முறை யாருக்கு என்று மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்தார்கள்.

ஒரே ஒரு குறைதான். கதையில் ஒரு கல்யாணம் வருகிறது. அதில் மணப்பெண்ணின் தங்க ஒட்டியாணத்தைப் பற்றி மட்டும் மூன்று பக்கம். கல் என்ன, கொக்கி என்ன, மின்னுகிற மின்னல் என்ன. அந்த ஒட்டியாணம் யாருக்கும் வரவில்லை. இடுப்பில் அதைப் போட்டுப் பார்த்தவர் யாரும் தெருவில் இல்லையே, மனசு அங்கே எப்படி நிற்கும்? எல்லோரும் அதைத் தாண்டி நடந்துபோய்விட்டார்கள். அந்த அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, ஒட்டியாணத்தைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். விடிந்து பார்த்தால் ஞானப்பூ வீட்டில் ஒரு விளக்குமாறு இருந்தது. கல்யாண மண்டபத்து மூலையில் சாத்தி வைத்திருந்ததாம். தெருவில் ஒருத்தி பொறுக்க மாட்டாமல் தென்காசிக்குப் போய்க் கவரிங் ஒட்டியாணம் வாங்கி வந்து எனக்கு வந்தது என்று காட்டினாள். கடை முத்திரை கொக்கியிலேயே இருந்தது. தங்கபுஷ்பத்துக்கு வந்த கோபத்தில், இனிமேல் பொய்ப்பொருள் கொண்டுவருகிறவள் கட்டடத்துப் படி ஏறக் கூடாது என்று முடிவு செய்து, எல்லோரையும் சரி என்று சொல்லவும் வைத்துவிட்டாள்.

முறை கீழ்கோடியை நோக்கி வர வர, பேச்சு வடிவின் பக்கம் திரும்பியது. கேட்டவர்களுக்கெல்லாம் வந்திருக்கிறது, வாய் வலிக்க வாசித்தவளுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? "ஒரு எடத்துலகூடவா ஒட்டல?" என்று ஞானப்பூ நல்ல மனசோடுதான் கேட்டாள். மற்றவர்கள் அவ்வளவு நல்ல மனசோடு கேட்கவில்லை. அவள் மனசில் ஈரமே இல்லை என்றார்கள். ரேடியோப் பெட்டி பாடுகிறது, அதற்குப் பாட்டு புரியுமா என்றார்கள். யாரோ ஒருத்தி, யார் என்று வடிவு திரும்பிப் பார்க்கவில்லை, "பெத்த தாய் சாவுக்கே அத்தியாயத்தை முடிச்சிட்டுப் போனவதான" என்றாள். ஜன்னலோர முதுகு அசையவில்லை. தங்கபுஷ்பம் கொஞ்சம் சங்கடத்தோடு, அடுத்த புத்தகத்தை வேறு யாராவது வாசித்துப் பார்க்கலாமே, உனக்கும் தொண்டைக்கு ஓய்வு என்றாள். வடிவு தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து டம்ளரைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டம்ளரைக் கொண்டுபோய்க் காட்டினால் ஈரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும், வாசிப்பும் கையை விட்டுப் போகாது. ஆனால் எந்தப் பக்கத்துப் பால் என்று கேட்பார்களே. தங்கை காதில் விழும்படி அந்தப் பக்கத்தை எப்படி வாசிக்க?

கடைசியில் பேச்சிக்கனியின் முறை வந்தது. அன்றைக்கு வடிவு சோறு சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சிக்கனி நீளமான சுருள் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து கட்டடத்து நடுவில் விரித்தாள். ஒரு பாய். நல்ல கோரையில் நெய்த, ஓரத்தில் சிவப்புக் கரை போட்ட, இரண்டு பேர் தாராளமாக உட்காரக்கூடிய பாய்.

தங்கபுஷ்பம் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "பாய் எல்லா வீட்லயுந்தான் கெடக்கும் பேச்சி. கதையில எந்த எடம்?"

"அந்த அம்மா சாவுற எடம்."

"அங்க ஏதுட்டி பாயி?"

"இருந்துச்சு. ரெண்டு மக்களும் தலைமாட்டுல ஒரே பாயில பக்கத்துப் பக்கத்துல இருந்தாவ."

அது வடிவுக்குத் தெரிந்த வரி. எழுதினவர் எழுதாத வரி. அத்தனை பெரிய புத்தகத்தில், இத்தனை வருஷ வாசிப்பில், அவள் பொய்யாகச் சொன்ன ஒரே ஒரு வரி. அதில்தான் தங்கை போய் நின்றிருக்கிறாள். அந்த வரியைத்தான் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய் இத்தனை நாளாக வைத்திருந்திருக்கிறாள்.

தங்கபுஷ்பம் பக்கங்களைப் புரட்டினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். "அந்த அம்மா சாவுற எடமே இதுல இல்லையே. சீக்குல படுக்கா. அடுத்த பக்கத்துல கருமாதி நடக்கு" என்றவள், அங்கே தாள் ஒன்று தடிமனாக இருப்பதை விரலால் நெருடிப் பார்த்தாள். கூட்டத்தில் சலசலப்பு. எனக்கு நினைவில்லை என்றாள் ஒருத்தி. எனக்கும்தான் என்றாள் இன்னொருத்தி. பத்தமடைக்குப் போனால் பாய்க்கா பஞ்சம் என்றாள் கவரிங் ஒட்டியாணக்காரி, அவளுக்குத் தனக்கு ஒரு துணை கிடைத்த சந்தோஷம்.

"நீ பொய் சொல்லுதன்னு சொல்லல பேச்சி" என்றாள் தங்கபுஷ்பம். "ஆனா வரி இல்லையே. பொய்ப்பொருள் கொண்டாந்தா என்னன்னு பேசி வச்சிருக்கோம், நீயும்தான் தலையாட்டுன. இப்படி ஒரு வரியை யாரு படிச்சாவ, அதைச் சொல்லு."

பேச்சிக்கனி வாயைத் திறந்தாள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் 'எங்கக்கா' என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். குனிந்து பாயின் ஓரத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டி எடுத்துக்கொண்டு போனால் அவள் இனி இந்தப் படி ஏற மாட்டாள், அவள் குணம் அப்படி. நாளை மத்தியானம் ஜன்னலோரத்தில் அந்த முதுகு இருக்காது, தட்டில் அந்த இறுக்கமான பீடி விழாது. வடிவு எழுந்தாள்.

"எங்கட்டி போற, நடுவுல?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இந்தா வாறேன். அவளைப் போக விடாதீய."

தெருவைக் கடந்து வீட்டுக்குப் போய் அரிசிக்குள் கையை விட்டாள். திரும்பி வரும்போது டம்ளரிலிருந்து எழும்பிய ஆவி அவளுக்கு முன்னாலேயே கட்டடத்துக்குள் நுழைந்தது. பால் மணம் பீடித்தூள் நெடியை அமுக்கிக்கொண்டு எங்கும் பரவியது. கதையில் எங்கேயும் பால் டம்ளர் வரவில்லையே என்று ஞானப்பூ முனகினாள்.  வடிவு டம்ளரைத் தரையில் வைத்தாள், தங்கபுஷ்பத்தின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள், அந்தத் தடித்த தாளை ஆவிக்கு நேராகப் பிடித்தாள். மைதாப் பசைக்குச் சூட்டு ஆவி பட்டால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், லேபிள் கோணலாகப் போனால் அவர்களும் அப்படித்தான் பிரித்து எடுப்பார்கள். ஓரம் இளகியது. ஒரு பக்கம் பிரிந்தது, இன்னொரு பக்கம் பிரிந்தது. தங்கபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

வடிவு நின்றபடியே வாசித்தாள். கதையில் பெரிய மகள் சந்தையில் வளையல் கடை வைத்திருக்கிறாள். தாய்க்கு முடியவில்லை என்று ஆள் வருகிறது. யாவாரம் சூடாக நடக்கிற நேரம்; இந்தக் கூட்டம் கலையட்டும், கடையைக் கட்டிவிட்டு வருகிறேன் என்கிறாள். வீட்டில் சின்ன மகள் பாலைக் காய்ச்சுகிறாள். அக்கா வந்து முதல் வாய் ஊற்றட்டும் என்று இறக்கி வைக்கிறாள். அது ஆறுகிறது. மறுபடி காய்ச்சுகிறாள், மறுபடி ஆறுகிறது, தாயின் மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறது, சின்ன மகள் வாசலைப் பார்க்கிறாள், அடுப்பைப் பார்க்கிறாள், மறுபடி காய்ச்சுகிறாள். பெரியவள் வளையல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வரும்போது பால் சூடாக இருக்கிறது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

வடிவின் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்தில் நிறுத்தி, தொண்டையைச் செருமி, விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி எடுத்தாள். ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. யார் கையும் பீடி சுற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே சிலுவைமுத்து கட்டுகளை எண்ணுவதாகப் பாவனை பண்ணுவதைக்கூட விட்டுவிட்டான். அந்தப் பக்கத்தின் அடியில் வந்து வடிவு நின்றாள். தாளைத் திருப்ப அவள் விரல் வரவில்லை.

அப்போதுதான் அவள் கண்ணை எடுத்துப் பார்த்தாள். பேச்சிக்கனி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கவில்லை. பாதி சுருட்டிய பாயை எப்போது மறுபடி விரித்தாளோ, அதன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபாதி காலியாகக் கிடந்தது. தங்கபுஷ்பம் எழுந்து, யாரும் சொல்லாமல், குங்குமச் செப்பைக் கொண்டுவந்து பாயின் அருகில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவள் அப்புறம் கேட்கவே இல்லை.

வடிவு போய்ப் பாயின் மறுபாதியில் உட்கார்ந்தாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த முழங்கால் நகர்ந்துகொள்ளவில்லை.

"கதை முடிஞ்சிட்டாக்கா?" என்றாள் பேச்சிக்கனி.

அதே வார்த்தைகள்தான். தினமும் தட்டை எடுத்து வைக்கும்போது கூட்டத்தில் யாராவது ஒருத்தி கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இல்லட்டி" என்றாள் வடிவு. "இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

பேச்சிக்கனி கையை நீட்டி டம்ளரை எடுத்தாள். ஆவி நின்றிருந்தது. பாலின் மேல் மெல்லிசாக ஆடை படிந்திருந்தது. அதைச் சுண்டுவிரலால் ஓரத்துக்கு ஒதுக்கி, டம்ளரை அக்கா கையில் கொடுத்தாள்.

"ஆறிட்டு பாரு" என்றாள். "குடிச்சிட்டுப் படி."